கரண்ட் போவதற்கு முன் தொடங்கிய வேலை

கொம்பியூட்டர் திருத்துகிறவனிடம் ஆட்கள் நிறையப் பொய் சொல்வார்கள். "நான் ஒன்னுமே செய்யல, தானா நின்னுருச்சி" என்பார்கள். விசைப்பலகையைக் கவிழ்த்தால் பிளேன்டீ வடியும். நான் ஏசுவதில்லை. துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவேன். இவனுக்குப் பொறுமை அதிகம் என்று கடை முதலாளி தாஸிம் நானா வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். அது பொறுமை இல்லை. மனைவி செத்த பிறகு எனக்கு எதுவும் பெரிதாகப் படுவதில்லை, அவ்வளவுதான். வியாபாரத்துக்கு அது நல்லது.

கடை கண்டி டவுனில், குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. பேராதனையில் பட்டம் வாங்கியவன் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான் என்று சொந்தக்காரர்களுக்குக் கவலை. மழைக்கு நனைவதில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். கேட்டு முடித்ததும் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று உங்களுக்கும் தோன்றும்.

நாட்டில் பெற்றோல் இல்லாத, காஸ் இல்லாத, கரண்ட் முறை வைத்து வந்த வருடம் அது. என் மனைவி சுகிர்தா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவளுடைய அப்பா ராஜலிங்கம் பன்விலையிலிருந்து பஸ் ஏறி, அவளுடைய லெப்டொப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தவர் மாதிரி இருந்தது.

"மாப்புள, இது காலையில எந்திரிச்சதும் இங்கிலீசுல திட்டுது" என்றார்.

"திட்டல மாமா. எடம் பத்தலங்குது."

"எடமா? நான் ஒரு சாமானும் போடலியே. புள்ள போட்டு வச்சதுதான் அப்பிடியே இருக்கு."

ராஜலிங்கம் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி எப்போதோ போய்விட்டார். இருந்தது ஒரே மகள். அவளையும் எனக்குக் கொடுத்துவிட்டு, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் புரிகிற மாதிரி விளக்கினேன். ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு சின்னப் பகுதி உண்டு. பூட் பாட்டிஷன் என்பார்கள். மெஷின் எழும்பும்போது முதலில் கால் வைக்கிற இடம் அதுதான். லயத்தில் காம்பரா என்கிற அறைக்கு முன்னால் இருக்கிற இஸ்தோப்பு, அந்தச் சின்னத் திண்ணை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். மெஷினை ஓட்டுகிற மென்பொருளின் புதிய பதிப்பு ஒன்று உள்ளே வரப் பார்க்கிறது. இஸ்தோப்பில் நிற்க அதற்கு இடமில்லை. காலையில் வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. மறுநாளும் வருகிறது.

"அப்ப இஸ்தோப்ப பெருசாக்கணும்."

"ஆமா மாமா. அதுக்குப் பின்னுக்கு இருக்கிற காம்பராவ கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளணும்."

அவர் யோசித்தார். "காம்பராவ தள்றதுன்னா தோட்டத்துத் தொரைகிட்ட கேக்கணுமே மாப்புள" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அப்படித்தான் பகிடி விடுவார். அவருடைய மகளும் அப்படித்தான்.

இஸ்தோப்பை அவ்வளவு சின்னதாகப் பிரித்தவன் நான்தான். கல்யாணத்தின்போது அவளுக்கு வாங்கிக் கொடுத்த லெப்டொப். டிஸ்க்கை என் கையால் பிரித்தேன். தொடங்குவதற்கு எதற்கு இத்தனை இடம் என்று நினைத்து இறுக்கிப் பிடித்துவிட்டேன். எல்லாரும் செய்கிற தவறுதான்.

சுகிர்தா கணித ஆசிரியை. பெற்றோல் இல்லாமல் ஆசிரியர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாத நாட்களில், தோட்டத்துப் பிள்ளைகளுக்காக வீட்டிலிருந்தே பாடங்களை லெப்டொப் கெமராவில் எடுத்து அனுப்பினாள். அலுமாரியில் ஒரு வெள்ளைப் பலகையைச் சாய்த்துவைத்து அதற்கு முன்னால் நின்று பேசுவாள். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் ராஜலிங்கம் அந்த லெப்டொப்பைக் கேட்டார். நானும் கொடுத்துவிட்டேன். நகையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

"ஒரு நாளைக்கு ஒரு பாடம் மாப்புள" என்று அன்றைக்குக் கடையில் சொன்னார். "கொப்பியில எழுதிச் செஞ்சும் பாக்குறேன். இப்ப நான் பின்னத்த பின்னத்தால வகுப்பேன். செய்யச் சொல்லி யாரும் கேக்குறதில்ல, அதுதான் கவல."

"இப்ப எதுல நிக்கிறீங்க?"

"பின்னம் முடிஞ்சி, சமன்பாடு முடிஞ்சி, முக்கோணத்துல நிக்கிறேன். அடுத்தது வட்டம்." எழுந்து போகும்போது வாசலில் நின்றார். "மாப்புள, எதுக்கு என்னா ஆனாலும் கடைசிப் பாடத்துக்கு மட்டும் ஒன்னும் ஆயிறக்கூடாது."

ஆகாது மாமா என்றேன்.

அவர் போனதும் பாடங்கள் இருந்த இடத்தைத் திறந்தேன். கடைசியில் இருந்தது 'வட்டம் 2'. அதைப் போட்டுப் பார்த்தேன். வேலைக்கு முன் ஒரு வீடியோக் கோப்பையாவது திறந்து பார்ப்பது வழக்கம்.

பச்சைச் சேலையில் நிற்கிறாள். ஆரையின் வர்க்கம் என்று சொல்லத் தொடங்கி நிறுத்துகிறாள். நெஞ்சில் கை வைக்கிறாள். கெமராவுக்கு இந்தப் பக்கம், கட்டிலில் கிடந்த என்னைப் பார்க்கிறாள்.

"மூச்சு ஒரு மாதிரி வாங்குதுங்க. ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா போயிட்டு வருவமா?"

என் குரல் கேட்கிறது. "நாளைக்கு மேச் இருக்குல்ல. பைக்குல கெடக்குற பெற்றோல் பல்லேகல போய் வரத்தான் காணும். நாளன்னைக்குப் போவம்."

"திரீவீலு?"

"அவன் கேக்குற காசுக்கு ஆஸ்பத்திரியவே வாங்கிறலாம்."

அவள் சிரிக்கிறாள். பலகையைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே சிரிக்கிறாள். "சரிங்க சார். யாரு கெலிச்சான்னு வந்து சொல்லுங்க. அது வரைக்கும் மூச்ச புடிச்சிக்கிட்டு இருக்கேன்." பிறகு பலகைக்குத் திரும்புகிறாள். "இப்ப பாருங்க பிள்ளைகள், பை என்டா என்ன?" அதோடு படம் நிற்கிறது. பாடத்தை மறுபடி முதலிலிருந்து ஃபோனில் எடுத்துத்தான் பிள்ளைகளுக்கு அனுப்பினாள். இதை அழிக்க மறந்துவிட்டாள் போல.

அவள் சொன்னபடி காத்திருக்கவில்லை. மறுநாள் பின்னேரம் நான் பல்லேகலை கிரிக்கெட் மைதானத்தில் கன்னத்தில் கொடி வரைந்துகொண்டு நின்ற நேரம், சமையல்கட்டில் விழுந்துவிட்டாள். காலிலிருந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கிறது, முதல் நாளே கூட்டிவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டொக்டர். எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று நீங்கள் கேட்கலாம். அதை இப்போது பேசிப் பயனில்லை. பஸ் ஓடியது என்பதும் எனக்குத் தெரியும். மேச்சில் நாங்கள் கெலித்தோம்.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் கீழ் வீட்டில் இருந்த வீட்டுச் சொந்தக்காரி ஸுமைரா. நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு பைப்பைக் கண்டு கன்னத்தைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போனேன். சட்டையெல்லாம் ஈரம். அவர் என்னைப் பார்த்ததும் அழுதார்.

"இவ்வளவு நேரமா பெற்றோல் கியூவுலயா நின்டீங்க மகன்? மனிசிய ஏத்திப் போகத்தானே நின்டீங்க?"

நான் பொய் சொல்லவில்லை. தலையைத்தான் ஆட்டினேன்.

மிச்சத்தை மற்றவர்கள் சொன்னார்கள். மரண வீட்டில் நான் கியூவில் நின்ற பிள்ளை. காரியத்தன்று தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் என்னைக் கையால் காட்டி அரசாங்கத்தைக் கிழித்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். இடத்துக்குப் பொருத்தமாக இருந்தது. ராஜலிங்கம் என் கையைப் பிடித்து, "எம் புள்ளைக்காக வெயில்ல காஞ்சிருக்கீங்க" என்றார். மனைவியை இழந்தவனுக்கு ஊரில் கொஞ்சம் மரியாதை இருந்தால் யாருக்கும் நட்டமில்லை.

ஆனால் இப்போது அவர் முக்கோணத்தில் நிற்கிறார். அடுத்தது வட்டம்.

இந்த இடத்தில் என் நிலையை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் குரலை அவர் கேட்டால் என்ன ஆகும்? எனக்கு ஒன்றும் ஆகாது. எனக்குத்தான் எதுவும் தைப்பதில்லையே. நான் நினைத்தது அவரைப் பற்றி. மகளும் போய், மருமகனும் இப்படி என்று தெரிந்தால் அந்த வயதில் ஒரு மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பார்? அவருக்கு ஒரு நல்ல மருமகன் தேவைப்பட்டது. அவருக்காக அவனைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இஸ்தோப்பில் இடம் எடுக்க இலகுவான வழி ஒன்று உண்டு. அதையும் மறைக்க மாட்டேன். அந்தச் சின்னப் பகுதிக்குள் சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துருக்கள் அடுக்கிவைத்திருக்கும். மெஷின் எழும்பும்போது அந்த மொழிக்காரர்களிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் பயன்படுமாம். தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. பன்விலையில் ஓர் ஓய்வுபெற்ற மனுஷனுக்குச் சீனத்தில் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அந்த எழுத்துருக்களை அழித்துவிட்டால் போதும். இடம் கிடைத்துவிடும். காம்பராவைத் தொடவே வேண்டாம். ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

நான் மற்ற வழியைத் தேர்ந்தேன். காம்பராவைத் தள்ளுகிற வழி. அதில் டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் துண்டு துண்டாகத் தூக்கிக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். பழைய டிஸ்க், மெதுவாகத்தான் நடக்கும். பாதியில் நின்றால் தூக்கியது எது, வைத்தது எது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே இருப்பது எல்லாம் போனதுதான்.

அந்த ஒரு கோப்பை மட்டும் அழித்தால் என்ன என்று கேட்பீர்கள். கடைசிப் பாடம் கடைசிப் பாடம் என்று காத்திருக்கிற மனுஷன். அது மட்டும் இல்லையென்றால் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார். ஒரு கோப்பு காணாமல் போனால் அது களவு. எல்லாம் போனால் விபத்து. விபத்துக்கு நம் நாட்டில் யாரும் காரணம் கேட்பதில்லை.

கரண்ட் எப்போது போகும் என்ற அட்டவணை கடைச் சுவரில் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எழுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நேரம். அப்போது ஊரில் சோறு வடிப்பது, குளிப்பது, மாவரைப்பது எல்லாமே அதைப் பார்த்துத்தான் நடந்தது. நானும் அதைப் பார்த்துத்தான் செய்தேன். லெப்டொப்பின் பெட்டரி வீங்கியிருந்தது. கழற்றி வைத்தேன். வீங்கிய பெட்டரியைக் கழற்றச் சொல்லித்தான் எல்லாரும் சொல்கிறார்கள். கடையில் கரண்ட் போனாலும் தாங்குகிற யூபிஎஸ் ஒன்று இருந்தது. அதில் ஏற்கெனவே தாஸிம் நானாவின் ஃபேன் இருந்தது. அதைக் கழற்றுவது மரியாதை இல்லை. அதனால் லெப்டொப்பை நேராகச் சுவரில் செருகினேன்.

தொடங்குவதற்கு முன் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. வேலை நடக்கும்போது மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம் என்றது. நான் துண்டிக்கவில்லை. சரி என்று அழுத்தினேன். வெளியே போய் ஒரு ரோல்ஸ் சாப்பிட்டேன்.

கரண்ட் சொன்ன நேரத்துக்குப் போனது. அந்த வருடம் நாட்டில் நேரத்துக்கு நடந்த ஒரே காரியம் அதுதான்.

திரும்பி வந்தபோது தாஸிம் நானா இருட்டில் லெப்டொப்பை டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், டைம்டேபிள் செவத்துல ஒட்டீக்கிதானே? ஒனக்குக் கண்ணு ஈக்கா இல்லயா? பெட்டரியும் இல்லாம, யூபிஎஸ்ஸும் இல்லாம, யாருட சாமான்டா இது?"

"சுகிர்தாட, நானா."

டோர்ச்சை அணைத்துவிட்டார். "அல்லாவே" என்றார். பிறகு, "பரவால்ல மகன். ஒனக்கு மனசு சரியில்ல. நான்தான் பாத்தீக்கணும். பேத்து ஒரு டீ குடிச்சிட்டு வா" என்றார். தன் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார். கரண்ட் இல்லாமலா என்று கேட்கத் தோன்றியது. அதை யூபிஎஸ்ஸில்தான் செருகியிருந்தார் என்பது பிறகுதான் நினைவு வந்தது. நல்ல காற்று வந்தது.

அதன் பிறகு டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். இந்த முறை இஸ்தோப்பைத் தாராளமாக வைத்தேன். கல்யாண வீட்டுக்குப் பந்தல் போடலாம். எழும்பும்போது ஒரு வார்த்தை திட்டவில்லை. தொழில் என்று பார்த்தால் சுத்தமான வேலை.

ராஜலிங்கம் வந்தார். சொன்னேன். கதிரையில் உட்கார்ந்தார். கையிலிருந்த துண்டை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"கடைசிப் பாடமும் போச்சா?"

"எல்லாம் போச்சு மாமா."

"கரண்டு போனதுக்கு நீங்க என்னா செய்வீங்க" என்றார். என் தோளைத் தட்டினார். அவர் தட்ட நான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மனுஷன் சும்மா இருக்கவில்லை. அவள் பாடங்களை அனுப்பிய பிள்ளைகளைத் தேடி லயம் லயமாக நடந்திருக்கிறார். தோட்டத்தில் யாரும் ஃபோனிலிருந்து எதையும் அழிப்பதில்லை. ஒருவனிடம் பின்னம் இருந்தது. இன்னொருத்தியிடம் சமன்பாடு இருந்தது. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன ஒருவன் அங்கிருந்து முக்கோணம் அனுப்பினான். எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு மறுபடி கடைக்கு வந்தார். லெப்டொப்பில் ஏற்றிக் கொடுத்தேன். உண்மையில் எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அவருக்கு அவருடைய பாடங்கள், எனக்கு என் பெயர். யாருக்கும் நட்டமில்லை.

"ஒன்னுதான் மாப்புள கெடைக்கல" என்றார். "வட்டம் ரெண்டு. அத புள்ள யாருக்குமே அனுப்பல போல."

"அது பிழைச்ச பாடம் மாமா. திருப்பி எடுத்ததுதான் இந்தா இருக்கு. நீங்க அத பாக்கவே இல்லையே. வரிசையாத்தானே வந்தீங்க."

"கணக்குதான் வரிசையா படிச்சேன்." என்னைப் பார்க்காமல் சொன்னார். "அத கொண்டுபோன அன்னைக்கே பார்த்துட்டேன். கடைசியா என்னா பேசிச்சின்னுதானே பெத்தவனுக்கு மொதல்ல கேக்கத் தோணும்."

தாஸிம் நானா யாருக்கோ ஒரு மவுஸை விற்றுக்கொண்டிருந்தார். அது நல்ல மவுஸா என்று வந்தவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அதுல நான் பேசினது..." என்றேன்.

"கேட்டேன்." டீயைக் குடித்து முடித்தார். கோப்பையைப் பார்த்து வைத்தார். "மொத வாரம் ஒங்கள வெட்டிப் போடணும்னுதான் இருந்திச்சி. தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்திய தீட்டிக்கூட வச்சேன். பஸ்ஸு வரல. டீசல் இல்லாத நேரம். பன்வில சந்தியில அர நாள் கத்தியோட நின்னேன். ஒருத்தன் வந்து, மாமா பலாக்கா வெட்டித் தர்றீங்களான்னு கேட்டான். வெட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

நான் அவருடைய வெறும் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அப்புறம் தெனமும் கணக்கு முடிஞ்சதும் அத ஒரு தரம் போடுவேன். மத்த எல்லாத்துலயும் டீச்சருதான் மாப்புள இருக்கு. அது ஒன்னுலதான் எம் புள்ள இருக்கு. அது ஒன்னுலதான் சிரிக்கிது." எழுந்தார். "சிரிக்க வச்சது நீங்கதானே. அத வச்சித்தான் கோவத்த கொறச்சேன். இப்ப அதுவும் இல்ல. கோவம் திரும்பி வந்துருமோன்னு பயமா இருக்கு, அதான் சொல்லிட்டுப் போறேன்."

லெப்டொப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு இறங்கினார். நான் வாசல் வரை போனேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆக, நான் தேவையில்லாமல் செய்த வேலை அது. ஒப்புக்கொள்கிறேன். டிஸ்க்கை அழித்தேன், அட்டவணையைப் பார்த்துத்தான் அழித்தேன், அதற்கு முன்னால் பெற்றோலை மேச்சுக்கு வைத்துக்கொண்டு அவளை இருக்கச் சொன்னேன். இதையெல்லாம் இத்தனை அமைதியாகச் சொல்ல முடிகிறதே என்று நினைப்பீர்கள். முதலிலேயே சொன்னேன், எனக்கு எதுவும் பெரிதாகப் படுவதில்லை.

இன்னும் ஒன்றுதான். வட்டம் 2 அழியவில்லை. காம்பராவைத் தள்ளத் தொடங்குவதற்கு முன் அதை மட்டும் என் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். தொழில் பழக்கம், வேறொன்றுமில்லை. அவரிடம் கொடுக்கலாம்தான். கொடுத்தால் இது மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்பார். விளக்கினால் மனம் நொந்துபோவார், வயதான மனுஷன். அதனால் என்னிடமே இருக்கிறது. பென் டிரைவை நம்பி எதையும் வைக்க முடியாது என்று இந்தத் தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். அதனால் தினமும் கடை திறந்ததும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கோப்பு பழுதாகிவிட்டதா என்று மட்டும் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன். அவள் சிரிக்கிற இடம் வரை ஓடினால் போதும். சில நாட்களில் நிச்சயப்படுத்திக்கொள்வதற்காக இரண்டு மூன்று தடவை போட வேண்டியிருக்கிறது. இதுவரை பழுதில்லை.